தமிழ் வகுப்புக்கு வலைப்பூ: பிளாகரா, வேர்ட்பிரஸா? சர்வர் எங்கே இருக்க வேண்டும்?

சாட்ஸ்வொர்த்_டீச்சர்:

வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக மூன்று பேர் சேர்ந்து ஒரு வலைப்பூ தொடங்கப் போகிறோம். அதில் வரவேண்டியவை: வாரப் பாடக் குறிப்புகள், காவடி, தீமிதி, மாரியம்மன் கூழ் பூசை நாட்களின் பட்டியல், பெரியவர்களிடம் வாங்கி ஸ்கேன் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய படங்கள், ஒப்பந்தக் கூலிகள் வந்த கப்பல்களின் பட்டியலில் குடும்பத்து முன்னோரைத் தேடுவது எப்படி என்று ஒரு தொடர். பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில் இருக்கும். படிப்பவர்களில் பெரும்பாலோர் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம்தான், அதுவும் போனில்.

எங்களில் யாருக்கும் கோடிங் தெரியாது. மாதம் நூறு ரண்டுக்கு மேல் செலவழிக்க முடியாது. பிளாகர், வேர்ட்பிரஸ்.காம், ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) வாங்கி அதில் வேர்ட்பிரஸ், இந்த மூன்றில் எது சரி? சர்வர் உள்ளூரில் இருப்பது முக்கியமா?

---

உம்கேனி:

டீச்சர், ஹோஸ்டிங்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் டொமைன், அதாவது தளத்துக்கான சொந்த முகவரிப் பெயர், வாங்குங்கள். ஹோஸ்டிங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரு மாலை நேர வேலை. முகவரி மாறினால் வாட்ஸப்பில் பகிர்ந்த லிங்க், கூகிளில் ஏறிய பக்கம், நோட்டீஸில் அச்சிட்ட பெயர் எல்லாமே வீணாகிவிடும்.

நம் நாட்டுக்குரிய .கோ.இசட்ஏ பெயர் ஆண்டுக்கு நூறு, நூற்றைம்பது ரண்ட் வரம்பில் கிடைக்கும். .காம் டாலர் விலையைப் பின்பற்றும், ரண்ட் விழுந்தால் அதுவும் ஏறும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

பெயர் வகுப்பின் பேரிலோ சங்கத்தின் பேரிலோ பதிவாக வேண்டும். தளம் செய்து தருபவர் பேரில் பதிவானால் பெயர் அவருக்குத்தான் சொந்தம், பணம் யார் கொடுத்தாலும் சரி.

பதிவில் கொடுக்கும் மின்னஞ்சல் வேறு டொமைனில் இருக்கட்டும், இரண்டு பேராவது திறக்கக்கூடியதாக இருக்கட்டும். .காம் பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு தருவார்கள். .கோ.இசட்ஏவுக்கு அப்படிக் குறியீடு கிடையாது. உரிமையாளரின் மின்னஞ்சலுக்கு ஒப்புதல் கேட்டுக் கடிதம் வரும், அதில் சரி என்றால்தான் மாறும். அந்த மின்னஞ்சல் செத்துப்போயிருந்தால் பெயர் பழைய இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டு வைத்தாலும், அதில் பதிந்த வங்கி அட்டை காலாவதியாகும் மாதத்தைக் குறித்து வையுங்கள்.

இனி உங்கள் மூன்று தேர்வுகள். வேர்ட்பிரஸ்.காம் இலவசத் திட்டத்தில் 1 ஜிபி இடம், அவர்கள் விளம்பரம், சொந்த டொமைன் போட முடியாது. ஸ்கேன் செய்த அளவிலேயே ஏற்றினால் உங்கள் படங்களுக்கு அது போதாது, பணம் கட்டினால் டாலரில் கட்ட வேண்டும். அதை விட்டுவிடலாம்.

சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் என்றால், இங்குள்ள நிறுவனங்களின் அடிப்படைப் பகிர்வுத் திட்டம் மாதம் நூறு ரண்டுக்குள் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது முதல் ஆண்டின் சலுகை விலை. புதுப்பிக்கும் விலை என்ன, வாட் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். ஐநோட் எல்லை என்று ஒன்று நிபந்தனைகளில் இருக்கும். அது கோப்புகளின் எண்ணிக்கை. அளவில் இடம் மிச்சமிருந்தாலும் எண்ணிக்கை முட்டினால் புதுப் படம் ஏறாது, பேக்கப் பாதியில் நிற்கும், மின்னஞ்சலும் வராது.

பழைய படங்கள் உங்களுக்கு இருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். வேர்ட்பிரஸில் ஒரு படம் ஏற்றினால் ஒரு கோப்போடு நிற்காது. 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்சலில் ஆளுக்கொரு நகல் செய்யும். அகலமோ உயரமோ 2560ஐத் தாண்டினால் சுருக்கிய நகல் ஒன்றும் சேரும். மூலத்தோடு சேர்த்து எட்டு கோப்புகள். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் தன் பங்குக்கு மூன்று, நான்கு அளவு கேட்கும். ஆயிரம் படம் பன்னிரண்டாயிரம் கோப்பாகிவிடும். ஸ்கேன் ஒவ்வொன்றும் 5 எம்பி என்றால் நகல்களோடு 7 ஜிபி அளவுக்குப் போகும்.

ஏற்றுவதற்கு முன்பே நீளமான பக்கம் 1600 பிக்சல், ஜேபெக் தரம் 80 என்று சுருக்கிவிடுங்கள். ஒரு படம் 200 முதல் 300 கேபி வரும், 2048 நகலும் 2560 நகலும் உருவாகாது, ஆயிரம் படமும் 1 ஜிபிக்குள் அடங்கும். படிப்பவர் ப்ரீபெய்ட் டேட்டாவில் பார்க்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மூல ஸ்கேன்களை வெளி ஹார்டு டிஸ்க் இரண்டில் தனித்தனி வீட்டில் வையுங்கள். ஹோஸ்டிங்கை ஆவணக் காப்பகமாகப் பயன்படுத்தக் கூடாது.

சர்வர் இடம்: டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போய்வர 10, 15 மில்லிசெகண்ட். லண்டன் என்றால் 160 அளவில். பாதுகாப்பான இணைப்பு தொடங்கி முதல் பக்கம் வர மூன்று முறை போய்வர வேண்டும், அதாவது சர்வர் யோசிக்கும் நேரம் சேராமலே அரை செகண்ட் போய்விடும். 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் கடலடி கேபிள்கள் சேதமானபோது வெளிநாட்டுத் தளங்கள் தடுமாறின. நாட்டுக்குள் இருக்கும் தளத்துக்கு அந்தக் கேபிள் தேவையே இல்லை. உங்கள் வாசகர் டர்பன்காரர் என்பதால் ஜோகன்னஸ்பர்க் அல்லது கேப் டவுன் சர்வர் என்று கேட்டு வாங்குங்கள். நிறுவனம் உள்ளூராக இருந்தும் சர்வர் ஜெர்மனியில் இருப்பதுண்டு.

லோட்ஷெடிங் மின்வெட்டுக்காகப் பயப்பட வேண்டாம், டேட்டா சென்டரில் ஜெனரேட்டர் இருக்கிறது. பழைய கணினியில் வீட்டிலேயே சர்வர் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

---

ஜோபர்க்_தம்பி:

உம்கேனி அண்ணா சொன்ன டொமைன் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் கோடிங் தெரியாத மூன்று பேருக்கு நான் வேர்ட்பிரஸைச் சொல்லமாட்டேன். ஹோஸ்டிங் வாங்கினால் அதோடு ஒரு பராமரிப்பு வேலையும் வருகிறது: வேர்ட்பிரஸ், தீம், ஒவ்வொரு ப்ளகின் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் நிரல்), பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) பதிப்பு, எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மாதம் யாரும் பார்க்காத ப்ளகின் வழியாகத்தான் தளத்துக்குள் மருந்து விற்கும் ஸ்பாம் பக்கங்கள் நுழைகின்றன.

பிளாகர் இலவசம், புதுப்பிக்க ஒன்றும் இல்லை, சொந்த டொமைனும் போடலாம். செட்டிங்ஸில் டொமைனைக் கொடுத்தால் டொமைனில் இரண்டு சிநேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் குறிப்பு) போடச் சொல்லும். முதலாவது மூன்று டபிள்யூவை கூகிளுக்குக் காட்டும், இரண்டாவது உங்களுக்கென்றே தரப்படும் சரிபார்ப்புக் குறியீடு. இரண்டாவதைப் போடாமல் விட்டுவிட்டு ‘பிழை வருகிறது’ என்பவர்கள்தான் அதிகம். மூன்று டபிள்யூ இல்லாமல் தட்டுபவருக்காக 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21 என்று நான்கு ஏ பதிவுகளையும் (பெயரை எண் முகவரிக்குக் காட்டுபவை) போட்டு, பிளாகரில் ‘ரீடைரக்ட் டொமைன்’ பொத்தானையும் தட்டிவிடுங்கள். எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வர சில மணி நேரம் ஆகலாம், அதுவரை உலாவி எச்சரிக்கை காட்டினால் பதற வேண்டாம்.

ஒரே பலவீனம் கணக்கு. ஒருவருடைய ஜிமெயிலில் தொடங்கினால் அவர் விலகும்போது வலைப்பூவும் போகும். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்கை கூகிள் நீக்கலாம் என்பது அவர்கள் விதி. தொடங்கிய அன்றே இன்னொருவரை அழைத்து, ‘ஆத்தர்’ நிலையிலிருந்து ‘அட்மின்’ நிலைக்கு உயர்த்திவிடுங்கள்.

---

எழுத்துக்கோப்பு:

எதை எடுத்தாலும் தமிழில் எழுதுவதால் வரும் சில சிக்கல்கள் உண்டு. ஆங்கில வழிகாட்டிகளில் இவை இருக்காது.

முதலில் பதிவின் முகவரி. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து முகவரியைத் தானே செய்யும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூனிகோடில் மூன்று பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. ‘காவடி’ என்பது க, கால், வ, ட, கொக்கி என்று ஐந்து குறி, 45 எழுத்து. வேர்ட்பிரஸின் தரவுத்தளத்தில் முகவரிக்கு ஒதுக்கியது 200 எழுத்து, அதாவது 22 குறிகள். ‘மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழா’ என்ற தலைப்பு நடுவிலேயே வெட்டுப்படும். வாட்ஸப்பில் ஒட்டினால் மூன்று வரிக்குச் சதவீதக் குறியாக நீளும், மின்னஞ்சலில் வரி மடங்கினால் லிங்க் உடையும்.

பிளாகரில் நேர்மாறு. தமிழைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாப் பதிவுக்கும் ‘பிளாக்-போஸ்ட்’ என்று எண் போட்டுக்கொண்டே போகும். இரண்டிலும் தீர்வு ஒன்றுதான்: தலைப்பைத் தமிழில் வையுங்கள், முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொல்லாகக் கைப்பட எழுதுங்கள். பதிப்பிக்கும் முன் எழுத வேண்டும். பிளாகரில் பதிப்பித்த நிலையில் அதை மாற்ற முடியாது.

அடுத்தது பழைய கோப்புகள். பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்த பாடக் குறிப்பு இருந்தால் அதை அப்படியே ஒட்டாதீர்கள். உங்கள் கணினியில் தமிழாகத் தெரிவது வாசகர் போனில் ரோமன் எழுத்துக் குவியலாக வரும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் யூனிகோடாக மாற்றி, மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்து, பிறகு ஏற்றுங்கள்.

மாற்றிய பிறகும் ஒரு பிழை ஒளிந்திருக்கும். ‘கொ’ என்பதை க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்றும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேடும்போது ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காமல் போகலாம். ‘ஸ்ரீ’ நிலைமையும் அதுவே: ஸ-வில் தொடங்குவது ஒன்று, யூனிகோடில் பின்னால் சேர்த்த ஶ-வில் தொடங்குவது ஒன்று. உங்கள் கோயில் பெயர்களில் பாதிக்கு முன்னால் ஸ்ரீ இருக்கும். மூவரும் ஒரே விசைப்பலகையில் அடிப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பெயர்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் வைத்துக்கொண்டு அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இன்னும் நல்லது.

எழுத்துரு: தனியாக ஏற்றாவிட்டாலும் குற்றமில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம் ஏற்கெனவே இருக்கின்றன. ஏற்றத்தான் வேண்டும் என்றால் முக்த மலர் வாசிக்க நன்றாக இருக்கும், சாதாரணம், தடிமன் என்று இரண்டு எடை போதும். வரி உயரம் 1.7 வையுங்கள். ஆங்கிலத் தீமின் 1.4ல் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் மெய்ப்புள்ளியும் இடித்துக்கொள்ளும். இரு ஓரமும் சமமாக வெட்டும் ஒழுங்கைப் போனில் போடாதீர்கள், தமிழ்ச் சொல் நீளத்துக்கு நடுவில் பள்ளம் பள்ளமாக விழும்.

முகப்பில் பதிவின் சுருக்கம் முடியும் இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், தீம் பைட் கணக்கில் வெட்டுகிறது, ஒரு எழுத்தின் நடுவில் கத்தி விழுந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தீமை விட்டுவிட்டு வேறொன்று பாருங்கள்.

---

சாட்ஸ்வொர்த்_டீச்சர்:

முகவரி விஷயம் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. பிளாகரில் தொடங்கி, ஓர் ஆண்டு கழித்து வேர்ட்பிரஸுக்கு மாறினால் படங்கள் என்ன ஆகும்? காவடி எடுக்கும் பிள்ளைகளின் படத்தைப் போடுவதில் சட்டச் சிக்கல் உண்டா?

---

மெரிபாங்க்_அக்கா:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன்மா. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் போப்பியா என்று சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்கு என்றால் அது பொருந்தாது. வகுப்போ சங்கமோ நடத்தும் பொதுத் தளம் வீட்டு உபயோகம் ஆகாது.

ஆளை அடையாளம் காட்டும் படம் தனிநபர் தகவல். மத நம்பிக்கை அந்தச் சட்டத்தில் சிறப்புப் பாதுகாப்புள்ள வகை. காவடிப் படம் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது. பிள்ளை 18 வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் பெற்றோரோ காப்பாளரோதான் தர முடியும். ஆகவே வகுப்பில் சேரும் படிவத்திலேயே தனிக் கட்டம் ஒன்று போடுங்கள்: ‘என் பிள்ளையின் படத்தை வலைப்பூவில் வெளியிடச் சம்மதம், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.’ வகுப்பில் சேர்வதற்கே அதை நிபந்தனையாக்கக் கூடாது. படத்துக்கு அடியில் பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, வீட்டுப் பகுதி மூன்றையும் சேர்த்து எழுத வேண்டாம். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் பதிந்திருக்கும், சுருக்கும்போதே அதை நீக்கும் தேர்வைப் போடுங்கள்.

கப்பல் பட்டியல் விஷயத்தில் கவலை குறைவு. அந்தச் சட்டம் உயிரோடு இருப்பவர்களின் தகவலுக்குத்தான். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரின் பெயர், ஒப்பந்த எண், ஊர், கப்பல் இவற்றைத் தாராளமாக எழுதலாம். முன்னோரிலிருந்து கீழே இறங்கி இன்றைய பேரப்பிள்ளை வரை வம்ச வரைபடம் போடும்போதுதான் நிறுத்த வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயருக்கு அவரிடம் கேளுங்கள், சம்மதிக்காத கிளையை ‘இன்றைய தலைமுறை’ என்று மட்டும் எழுதி விடுங்கள்.

---

உம்கேனி:

முதல் கேள்விக்கு: பிளாகரின் பேக்கப் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும்தான் இருக்கும். படம் இருக்காது, படத்தின் லிங்க் மட்டும் இருக்கும். வேர்ட்பிரஸின் எக்ஸ்போர்ட் கோப்பும் அப்படித்தான். இறக்குமதி செய்யும்போது புதுத் தளம் பழைய தளத்துக்குப் போய்ப் படங்களை எடுத்து வரும், அதனால் பழையது உயிரோடு இருக்க வேண்டும். ‘பேக்கப் எடுத்துவிட்டோம்’ என்று பழையதை அழித்த பிறகு இறக்குமதி செய்தால் பதிவுகள் எல்லாம் வரும், படம் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டமாக இருக்கும்.

தம்பி சொன்னதை ஏற்கிறேன். உங்கள் நிலைக்கு பிளாகரில் தொடங்குங்கள், ஆனால் முதல் நாளே சொந்த டொமைனோடு. மாறும் நாள் வந்தால் வரிசை இது: புது ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் போட்டு, பெர்மாலிங்க் (பதிவின் முகவரி) வடிவத்தை பிளாகரைப் போலவே ஆண்டு, மாதம், பெயர், ‘.எச்டிஎம்எல்’ என்று அமைத்தால் பழைய லிங்க்குகள் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். பிறகு இறக்குமதி. படங்கள் மீடியா நூலகத்துக்குள் வந்துவிட்டனவா என்று பத்துப் பதிவுகளைத் திறந்து பாருங்கள். டொமைனின் டிடிஎல் மதிப்பை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) முதல் நாளே 300 செகண்டாகக் குறைத்து வைத்து, அடுத்த நாள் ஏ பதிவுகளையும் மூன்று டபிள்யூவின் சிநேம் பதிவையும் மாற்றுங்கள். சங்கத்துக்கு அதே டொமைனில் மின்னஞ்சல் இருந்தால் எம்எக்ஸ் பதிவுகளையும் (மின்னஞ்சல் போகும் இடத்தைக் காட்டுபவை) முன்கூட்டியே நகலெடுத்து வைக்க வேண்டும். இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மொத்தமாக மாற்றும்போது மின்னஞ்சல் நின்றுபோவது அங்கேதான்.

எச்டிடிபிஎஸ் சான்றிதழ் ஹோஸ்டிங்கில் இலவசமாகவே கிடைக்கும், லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் காலாவதியாகும் முன்பே தானே புதுப்பித்துக்கொள்ளும். டொமைன் புது சர்வரைக் காட்டத் தொடங்கிய பிறகுதான் அதைப் பெற முடியும், முன்கூட்டி அழுத்தினால் பிழை வரும்.

---

சாட்ஸ்வொர்த்_டீச்சர்:

பிளாகர், சொந்த டொமைன், படங்கள் 1600 பிக்சல் என்று முடிவு செய்துவிட்டோம். கடைசியாக ஒன்று: தெரிந்தவர் ஒருவர் வேர்ட்பிரஸில் இதுபோல ஒரு தளம் செய்து இரண்டு மாதம் ஆகிறது, கூகிளில் பெயரைத் தேடினாலும் வரவில்லை. எங்களுக்கும் அப்படி ஆகுமா?

---

ஜோபர்க்_தம்பி:

அவரை ‘செட்டிங்ஸ்’, அதில் ‘ரீடிங்’ பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள் டீச்சர். தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் சிறு கட்டம் அடியில் இருக்கும். தளம் கட்டும்போது டிக் போட்டுவிட்டு எடுக்க மறப்பது மிகச் சாதாரணம். எடுத்தபின் கூகிளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து சைட்மேப் (தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியல்) முகவரியைக் கொடுக்கட்டும், 2020ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அதைத் தானே உருவாக்குகிறது.

பிளாகரிலும் ‘பிரைவசி’ பகுதியில் தேடுபொறிக்குத் தெரியட்டுமா என்று ஒரு பொத்தான் உண்டு. அது ‘ஆன்’ நிலையில் இருக்க வேண்டும்.